பாலத்தில் நடப்பவர்கள்

தணிகைவேல் அன்று படியேறி வந்த வேகத்தைப் பார்த்தால் அவருக்கு ஐம்பத்தேழு வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு காகிதச் சுருள். சட்டையெல்லாம் வியர்வை. வாயெல்லாம் பல்.

"டீச்சர், முடிச்சிட்டேன்!"

நவமணி டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். செங்கழனியின் நகரமைப்புக் கல்லூரியில் பாடம் சொல்கிறவர். வயது நாற்பத்திரண்டு. மாநகராட்சியின் தலைமைப் பொறியாளரான தணிகைவேல், போன வருஷம் அவருடைய மாலை வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சைக்கிள் பாதை பற்றி அலுவலகத்திலிருந்து ஒருவர் படித்துவிட்டு வரவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. வேண்டாவெறுப்பாக வந்த மனிதர் மூன்றாவது வாரமே முதல் பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டார். வகுப்பு முடிந்து ஏழு மாதம் ஆகியும் சந்தேகம் கேட்க வருவது நிற்கவில்லை. பதினைந்து வயது இளையவரை அவர் டீச்சர் என்பார். டீச்சர் அவரை சார் என்பார். இருவருக்கும் அதில் ஒரு கூச்சமும் கிடையாது.

சுருளைத் தரையில் விரித்தார். நான்கு மூலையும் சுருண்டுகொண்டு படுத்தின. அடுக்களைக்குள் போய் அவரே உப்பு ஜாடி, பருப்பு டப்பா, தோசைக்கல், அரிவாள்மணை என்று எடுத்துவந்து மூலைக்கொன்றாக வைத்தார்.

நகரம் முழுவதும் பச்சைக் கோடுகள். வாய்க்கால் கரையில் ஒன்று. ரயில் நின்றுபோன பழைய தண்டவாளப் பாதையில் ஒன்று. ஏரியைச் சுற்றி ஒன்று. அகலச் சாலைகள் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று.

"இருநூத்திப் பன்னிரண்டு கிலோமீட்டர் டீச்சர்! இருபது வருஷத் திட்டம். எங்கெல்லாம் இடம் இருக்கோ அங்கெல்லாம் போட்டுட்டேன். ஒரு இடம் விடல."

"அழகா இருக்கு சார்."

"வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டம். முதல் வருஷ வேலை எதுன்னு அன்னிக்கே முடிவாயிடும். அது சொதப்பிச்சுன்னா இந்த மேப்பு நேரா பீரோவுக்குள்ள போயிடும், அப்புறம் ஒருத்தனும் எடுக்கமாட்டான். எனக்கும் இன்னும் எட்டு மாசம்தான் சர்வீஸ்." மூச்சு வாங்கினார். "அதனால ஒரே ஒரு கேள்வி. எங்க தொடங்கறது டீச்சர்?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"ஏரிக்கரை! ஆறு கிலோமீட்டர். விடியற்காலையில அந்தத் தண்ணியைப் பார்த்துக்கிட்டே ஓட்டினா எப்படி இருக்கும்! முகப்புல ஒரு கல்வெட்டு வைக்கக்கூட இடம் இருக்கு."

கல்வெட்டில் யார் பெயர் இருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. டீச்சரும் கேட்கவில்லை.

"இந்த வாரம் கணக்கெடுப்பு நடக்குதே. தாள் இருக்கா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டீச்சர் கீரைக் கையோடு அதை வாங்கிப் பார்த்தார்.

"பெரிய பாலத்துல சைக்கிள் ரொம்பக் கம்மியா இருக்கே?"

"அங்க சைக்கிளே கிடையாது டீச்சர். காலையில ரெண்டு மணி நேரத்துல பதினொண்ணு. அதான் பாலத்துல கோடே போடல. பாருங்க, இந்தப் பக்கம் நிறுத்திட்டு அந்தப் பக்கம் ஆரம்பிச்சிருக்கேன்."

"நடக்கிறவங்க?"

"ஆயிரத்து அறுநூறு! நம்ம ஊர்க்காரங்க நல்லா நடக்கிறாங்க டீச்சர்." சொந்தப் பிள்ளையின் மார்க்கைச் சொல்வதுபோல் சொன்னார்.

டீச்சர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பாலம் தாண்டினதும் தேர்முட்டிகிட்ட குழாப்புட்டு போடறாங்க. சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு. நாளைக்குக் காலையில வாங்கிட்டு வரமுடியுமா?"

"டிரைவரை அனுப்பறேன் டீச்சர்."

"நீங்க போகணும். ஏழு மணிக்கு. என் சைக்கிள்ல."

"சரி... என் கேள்விக்கு?"

"புட்டு சூடா இருக்கணும் சார்."

தணிகைவேல் சைக்கிள் மிதித்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. முதல் தெரு முழுக்க அவர் ஓட்டினாரா, சைக்கிள் அவரை ஓட்டியதா என்று சொல்வது கஷ்டம். இரண்டாவது தெருவில் முதுகு நிமிர்ந்தது. மூன்றாவது தெருவில் மணியை அடித்துப் பார்த்தார். எதிரே ஈ காக்கை இல்லை. இன்னொரு தரமும் அடித்தார். இவ்வளவு நாள் இதை எப்படி விட்டேன் என்று அவருக்கு ஆற்றாமையாகக்கூட இருந்தது.

பாலம் வந்தது. ஏறிப் பத்தடி போயிருக்கமாட்டார், முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் அலறியது. வலது முழங்கையை அதன் தகரம் தொட்டுக்கொண்டு போனது. குதித்து இறங்கி, கைப்பிடிச் சுவரோரம் இருந்த ஒடுக்கமான நடைபாதையில் சைக்கிளைத் தூக்கி வைத்துத் தள்ள ஆரம்பித்தார்.

அப்போதுதான் முன்னால் பார்த்தார்.

அவருக்கு முன்னால் ஒரு சைக்கிளின் பின்சக்கரம். அதற்கு முன்னால் இன்னொன்று. பாலத்தின் அந்தக் கோடிவரை கேரியரில் சாப்பாட்டுக் கூடைகளும் ஹாண்டில்பாரில் பைகளுமாக வரிசை போய்க்கொண்டிருந்தது. ஒருவர்கூட சைக்கிள் மேல் இல்லை.

"சார், நின்னுடாதீங்க. பின்னாடி அம்புட்டுப் பேரும் நிக்குது."

திரும்பினார். பின்னால் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், ஊதாநிறச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, எல்லாரும் ஏன் இறங்கிட்டீங்க?"

"நீங்க ஏன் சார் இறங்குனீங்க?"

தணிகைவேல் பஸ் உரசிய முழங்கையைத் தடவிக்கொண்டார்.

"ஏறி ஓட்டுனா பஸ்ஸுக்காரன் சட்னி ஆக்கிடுவான். அக்கரை ஆஸ்பத்திரில துணி வெளுக்கிற வேலை எனக்கு. பேரு தில்லைக்கரசி. வரிசை ஊர்ந்துதான் போகும், இந்தப் பாலத்துக்காகவே தினம் இருபத்தஞ்சு நிமிஷம் முன்னாடி கிளம்புறேன். முன்னெல்லாம் ஓரத்துல இடம் இருந்துச்சு, ஓட்டிட்டே போவோம். எந்தப் புண்ணியவானோ அதையும் ரோட்டோட சேத்துட்டான்."

அந்தப் புண்ணியவான் தலையைக் குனிந்துகொண்டு தள்ளினார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலத்தின் இரண்டு ஓரத்தையும் சாலையோடு சேர்த்து, மூன்று தடத்தை நான்காக்கிக் கோடு போட்டவர் அவர்தான். அதற்காக அப்போது அவருக்கு மாலையெல்லாம் போட்டார்கள்.

நடுப்பாலத்தில் ஒரு விளக்குக்கம்பத்தில் சாய்ந்துகொண்டு காசிலிங்கம் நின்றிருந்தார். கணக்கெடுப்பு ஊழியர். கையில் அட்டை, அதில் தாள். தணிகைவேல் கடந்ததும் ஒரு கோடு கிழித்தார்.

தணிகைவேல் நின்றார். "காசிலிங்கம், இப்ப என்ன போட்டீங்க?"

"சார்! உங்களைத்தான் சார் போட்டேன்."

"எந்தக் கட்டத்துல?"

"நடப்பவர் கட்டத்துல."

"என் கையில என்னய்யா இருக்கு?"

"சைக்கிள் சார்."

"அப்புறம்?"

காசிலிங்கம் அவசரமில்லாமல் அட்டைக்குப் பின்னால் செருகியிருந்த சுற்றறிக்கையை எடுத்து வாசித்தார். "'சைக்கிளில் அமர்ந்து செல்பவரை மட்டுமே சைக்கிள் எனக் குறிக்கவும். இறங்கித் தள்ளிச் செல்பவர் நடப்பவர் ஆவார்.' கீழ உங்க கையெழுத்து சார்."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளேயிருந்து வேறொன்று கிளம்பி வந்தது. பரீட்சை எழுதப்போகிறவனைப் போல் கை பரபரத்தது. அட்டையைப் பிடுங்கி, தாளின் ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டார். 'தள்ளிச் செல்பவர்' என்று எழுதினார். சைக்கிளைக் கம்பத்தில் சாத்திவிட்டுத் தானே கோடு கிழிக்க ஆரம்பித்தார். தாள் தீர்ந்ததும் சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் கிழித்தார். அதுவும் தீர்ந்ததும் காசிலிங்கம் தன் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்துக் கொடுத்தார். மனிதருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது.

டீச்சர் வீட்டு வாசலில் தணிகைவேல் போய் இறங்கும்போது மணி பத்தரை.

"ஆயிரத்து நானூத்தி எழுபத்திமூணு டீச்சர்! சைக்கிளே இல்லாத பாலத்துல! ஊரோட பாதி சைக்கிள் அங்கதான் இருக்கு. எல்லாரையும் நான் நடக்கிறவங்கன்னு எழுதி வச்சிருக்கேன். என்னையும் சேர்த்து!"

"புட்டு?"

தணிகைவேல் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிறகு முகம் மெல்ல வாடியது. வரைபடம் நேற்று வைத்த இடத்திலேயே கிடந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கோடு முடிந்தது. அந்தப் பக்கம் ஒரு கோடு ஆரம்பித்தது. நடுவே முந்நூற்று நாற்பது மீட்டர் வெள்ளைக் காகிதம்.

"அங்க இடம் இல்ல டீச்சர். கார் போற தடம் ஒண்ணை எடுத்தாத்தான் உண்டு. மன்றத்துல என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க." குரல் இறங்கியது. "அவங்களை இறங்கவச்சதே நான்தான் டீச்சர்."

டீச்சர் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தார்.

"வெள்ளிக்கிழமை நான் என்ன சொல்லட்டும்?"

"நாளைக்காவது புட்டு வாங்கிட்டு வாங்க சார்."

மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். புட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் மேயர் அம்மாள் வரைபடத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இருநூத்திப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரைஞ்சிருக்கீங்க. முதல் வருஷத்துக்கு முந்நூத்தி நாப்பது மீட்டர் மட்டும் கேக்கறீங்களா?"

"ஆமாங்கம்மா."

"அதுவும் கார் போற தடத்தை எடுத்து?"

"நான் சேர்த்த தடம்தாங்க. நானே எடுக்கறேன்."

அரங்கம் கொதித்தது. சைக்கிளே போகாத பாலத்துக்குச் சைக்கிள் பாதை எதற்கு என்று ஒரு உறுப்பினர் மேசையைத் தட்டினார். ஏரிக்கரை என்ன ஆச்சு என்று இன்னொருவர் எழுந்தார். தணிகைவேல் கோடுகள் கிழித்த தாள்களை மேயர் முன்னால் வைத்தார். சுற்றறிக்கையையும் வைத்தார், எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி.

மேயர் அதை வாசித்தார். கையெழுத்தைப் பார்த்தார். ஒரு தாளிலிருந்த கோடுகளை விரலால் தடவிக்கொண்டே போனார். நெடுநேரம் போனது அந்த விரல்.

மூன்று மாதச் சோதனைக்கு அனுமதி. இரண்டு ஓட்டு வித்தியாசத்தில். தணிகைவேல் வெளியே வந்து காரைத் தேடவில்லை, சைக்கிளைத்தான் தேடினார்.

பெயிண்ட் வாசனை போகாத ஒரு திங்கட்கிழமை, காலை ஏழு மணி. ரிப்பன் இல்லை, கல்வெட்டு இல்லை. அக்கரையில், பாலம் இறங்கும் இடத்தில், தணிகைவேலும் டீச்சரும் ஆளுக்கொரு வாழையிலைத் துண்டில் புட்டை வைத்துக்கொண்டு நின்றார்கள். தணிகைவேல் புட்டைத் தொடவே இல்லை.

தூரத்தில் முதல் ஆள் வந்தார். பாலத்தின் வாயில் வழக்கம்போல் இறங்கினார். நடைபாதையில் ஏற்றித் தள்ளினார். அடுத்தவரும் இறங்கினார். அதற்கடுத்தவரும்.

"ஐயோ டீச்சர், இறங்கறாங்களே! கோடு தெரியலையா? இன்னும் பட்டையா போட்டிருக்கணுமோ?"

டீச்சர் தேங்காய்த் துருவலைப் புட்டோடு சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஊதாநிறச் சைக்கிள் ஒன்று வந்தது. அதுவும் இறங்கியது. நின்றது. அந்தப் பெண் புதிதாகப் போட்ட கோட்டைப் பார்த்தாள். ஒரு பஸ் வந்து, கோட்டுக்கு அந்தப் பக்கமாகவே தாண்டிப் போனது. அவள் இன்னொரு பஸ்ஸுக்கும் காத்திருந்தாள். அதுவும் அப்படியே போனது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள்.

ஒரு மிதி. இரண்டு மிதி. அவள் பின்னால் ஒருவர் ஏறினார். நடைபாதையில் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளைக் கீழே இறக்கி ஏறினார்கள். யாரோ மணியை அடித்தார்கள். அவ்வளவுதான், பாலம் முழுக்க மணி அடித்தது. தேவையே இல்லை, எதிரே யாரும் இல்லை, இருந்தும் அடித்தார்கள்.

"ஓட்டறாங்க டீச்சர்! ஓட்டிட்டே வர்றாங்க!" தணிகைவேல் கத்தினார். இலையிலிருந்த புட்டு பாதி தரையில் விழுந்தது. கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

தில்லைக்கரசி அவர்களைக் கடந்து போகும்போது தலையைத் திருப்பிச் சிரித்தாள். "சார், சீக்கிரம் வந்துட்டேன்! இருபத்தஞ்சு நிமிஷத்தை வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவள் போய்விட்டாள். தணிகைவேல் இடுப்பில் செருகியிருந்த, வரைபடத்தின் சின்ன நகலை எடுத்துச் சைக்கிள் கேரியர் மேல் விரித்தார். விரல் வாய்க்கால் கரைக்கு ஓடியது, ஏரிக்கு ஓடியது, பழைய தண்டவாளத்துக்கு ஓடியது.

"அடுத்த கோடு எங்க டீச்சர்?"

டீச்சரின் வாய் நிறையப் புட்டு. விழுங்கும்வரை தணிகைவேல் துடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் வரைபடத்தைப் பார்க்கவில்லை. பாலத்துக்கு அப்பால், சாலை சந்தைக்குள் திரும்பும் முனையை முகவாயால் காட்டினார். அங்கே ஊதாநிறச் சைக்கிள் வேகம் குறைந்து நின்றது.

"அதோ, இறங்கறாங்க பாருங்க சார்."