தமிழய்யாவின் பிழை நோட்டு

குரு என்றால் நரைத்த தாடியும், சீடன் என்றால் அரும்பு மீசையுமாக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. இந்தக் கதையில் சீடருக்கு வயது நாற்பத்தெட்டு. குருவுக்கு இருபத்தொன்பது. போதாக்குறைக்கு, குரு ஒரு காலத்தில் சீடரிடமே பத்தாம் வகுப்புத் தமிழ் படித்த பெண்.

சீடரின் பெயர் மாசிலாமணி. சாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் பத்தொன்பது வருடம் தமிழாசிரியராக இருந்தார். ஊருக்கே அவர் தமிழய்யா. பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்து, போன வருடம் அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் ஒன்பது நேர்முகத் தேர்வுகள். ஒன்பது இடத்திலும் ஒரே பதில்: "சொல்லி அனுப்புறோம் சார்." யாரும் சொல்லி அனுப்பவில்லை.

ஏழாவது தேர்வு வரைக்கும் அவர் மனைவி பூங்கோதை கதவைத் திறந்ததும் "என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். எட்டாவதிலிருந்து "சாப்பிடுறீங்களா?" என்று மட்டும் கேட்கிறாள். வேலை போனதைவிட இதுதான் அவரை அதிகமாக வதைத்தது.

தமிழய்யாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், இவர் எழுத்துப்பிழை சேர்ப்பார். கடைப் பலகை, சுவரொட்டி, பேருந்து முதுகு என்று எங்கே பிழை கண்டாலும் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, தேதியும் இடமும் போட்டுக் குறித்துக்கொள்வார். இப்போது நடப்பது நான்காவது நோட்டு. ஒருமுறை வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையைச் சிவப்பு மையில் திருத்தி, பெண்ணின் அப்பாவுக்கே திருப்பி அனுப்பினார். பதினோரு பிழைகள். கல்யாணத்துக்குப் போகத்தான் மறந்துவிட்டார்.

ஒன்பதாவது இடமும் கைவிட்டுப் போன பிறகு, பழைய பள்ளியின் கணக்கு வாத்தியார்தான் வழி சொன்னார். "பஸ் ஸ்டாண்ட் எதிர்த்தாப்புல, செல்போன் கடை மாடியில ஒரு பொண்ணு இன்டர்வியூவுக்குச் சொல்லிக் கொடுக்குது. போய்ப் பாரும்."

போனார். மாடிப்படிக்கு மேலே பலகை தொங்கியது.

ஜெபா நேர்முக தேர்வு பயிற்ச்சி மையம்.

மாசிலாமணி முதல் படியிலேயே நின்றுவிட்டார். வேண்டிய இரண்டு இடத்தில் ஒற்று இல்லை. வேண்டாத இடத்தில் ஒன்று வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் போய்க் கற்றுக்கொள்வதற்கு என்ன இருக்கிறது என்று திரும்பிப் போகப் பார்த்தார். பூங்கோதையின் "சாப்பிடுறீங்களா?" காதில் கேட்டது. நோட்டை எடுத்துப் பிழையைக் குறித்துக்கொண்டு மேலே ஏறினார்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்கய்யா."

"பலகையில பயிற்ச்சின்னு போட்டிருக்கு. றகர ஒற்றுக்குப் பக்கத்துல இன்னொரு ஒற்று வரவே வராது."

"ஆமாங்கய்யா. பத்தாம் கிளாஸ்ல இருந்தே எனக்கு அது வந்துக்கிட்டுதான் இருக்கு."

மாசிலாமணி அவளை உற்றுப் பார்த்தார். முகம் பிடிபடவில்லை. சட்டென்று பிடிபட்டது வேறொன்று.

"முயற்ச்சி! கட்டுரைன்னா கட்டுரை முழுக்க முயற்ச்சி, முயற்ச்சின்னு எழுதுவியே, அந்தப் பொண்ணா நீ?"

"அதே பொண்ணுதான்யா. உட்காருங்க."

பெயரைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் பலகையில் இருந்ததே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தான் பாடம் நடத்திய பெண்ணிடம் வந்து உட்கார்ந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் குரல் கொஞ்சம் அதட்டலாகவே வந்தது.

"ஒம்பது இடம் போயிட்டு வந்துட்டேன். கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாத்தான் பதில் சொன்னேன். என்கிட்ட என்ன குறைன்னு தெரியணும்."

"போன இடத்துல என்னல்லாம் நடந்துச்சுய்யா?"

அவர் சொன்னார். ஓர் இடத்தில் வரவேற்புப் பலகையில் இருந்த பிழையை எடுத்துக் காட்டினார். இன்னோர் இடத்தில் தாளாளர் "தமிலு" என்றார். ழகரத்துக்கு நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று அவருக்கு அங்கேயே சொல்லிக் கொடுத்தார். மூன்றாவது இடத்தில் கேள்வித்தாளையே திருத்தி மதிப்பெண் போட்டுக் கொடுத்தார்.

"எத்தனை மார்க் போட்டீங்க?"

"நூத்துக்கு நாப்பத்தி ரெண்டு."

ஜெபா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டாள் என்பது என் ஊகம்.

"ஐயா, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மூக்கையா டீக்கடை இருக்கு. நாளைக்குக் காலையில அங்க ஒரு டீ குடிச்சிட்டு இங்க வாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்யா."

மறுநாள் வந்தார்.

"டீ எப்படி இருந்துச்சு?"

"பலகையில தேனீர்னு எழுதி வச்சிருக்கான்! தந்நகரம் வர வேண்டிய இடத்துல றன்னகரம். தேனையும் தண்ணியையும் கலந்தா விக்கிறான்?"

"டீ எப்படி இருந்துச்சுய்யா?"

மாசிலாமணி யோசித்தார். குடித்தது நினைவிருந்தது. டம்ளரைக் கீழே வைத்ததும் நினைவிருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை.

"நாளைக்கும் போங்க" என்றாள் ஜெபா.

இரண்டாம் நாள் பலகை கண்ணில் படாதபடி தலையைக் குனிந்துகொண்டே கடைக்குள் நுழைந்தார். நிமிர்ந்தால் எதிர்ச் சுவரில் விலைப்பட்டியல்.

"சுண்டலுக்கு ரெண்டு சுழி போட்டிருக்கான்மா. சுன்டல்! பார்க்கவே நமக்கு வயிறு வலிக்குது."

"டீ?"

"சூடா இருந்துச்சு."

"எல்லா டீயும் சூடாத்தான்யா இருக்கும். நாளைக்கும் போயிட்டு வாங்க."

அவருக்குக் கோபம் வந்தது. வேலைக்கு வழி கேட்டு வந்தவனை டீக்கடைக்கு நடையாய் நடக்க விடுகிறாளே என்று படி இறங்கும்போது முணுமுணுத்தார். ஆனாலும் போனார். வேறு எங்கே போவது?

மூன்றாம் நாள் சுவருக்கு முதுகைக் காட்டி பெஞ்சில் உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மெல்லக் குடித்தார். பாதி குடித்ததும் கடைக்காரரைப் பார்த்தார். தோளில் துண்டு போட்ட ஒல்லியான மனிதர். மூன்று நாளாக அங்கேதான் நின்றிருக்கிறார். இன்றைக்குத்தான் கண்ணில் பட்டார்.

"பலகையில எழுத்து தப்பா இருக்கு, தெரியுமா?" என்று தணிவாகவே கேட்டார்.

"தெரியும் சார்" என்றார் மூக்கையா, டீயை ஆற்றிக்கொண்டே. "பன்னண்டு வருசமா எல்லாரும் சொல்றாங்க. மாத்தத்தான் நினைச்சேன். அப்புறம் பார்த்தா, தப்புன்னு சொல்ல உள்ள வர்றவங்க ஒரு டீ குடிச்சிட்டுத்தான் போறாங்க. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

மாசிலாமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. டீ கொஞ்சம் சட்டையில் சிந்திவிட்டது.

மாடிக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். "இஞ்சி தூக்கல். சர்க்கரை மட்டு. ஏலக்காய் தட்டிப் போடுறாரு, ஆனா கடைசியிலதான் போடுறாரு. மனுசன் பெரிய குசும்பர்மா!"

"நல்லதுங்கய்யா" என்றாள் ஜெபா.

சீடர்களிடம் இதுதான் தொல்லை. குரு ஒன்றைக் கொடுத்தால், அவர்கள் வேறொன்றை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டுக்கு நடந்து போகும் வழியிலேயே தமிழய்யாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பிழையைப் பார்க்கக் கூடாது, பார்த்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். நான்கு நோட்டையும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைப் பூங்கோதையிடம் கொடுத்தார்.

அவள் சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உடம்பு எதுவும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். வேலை கிடைக்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்."

அடுத்த வாரம் பத்தாவது கடிதம் வந்தது. ஊரில் அவர் ஏறி இறங்காமல் மிச்சமிருந்த ஒரே பள்ளி. இதுவும் போனால் வெளியூரில்தான் தேட வேண்டும். ஐம்பதை நெருங்கும் ஆளை வெளியூரில் யார் கூப்பிடப் போகிறார்கள்? கடிதத்தில் "நேர்முகத் தேர்விற்க்கு" என்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மடித்துப் பைக்குள் வைத்தார்.

அன்று காலை பூங்கோதை வாசல்வரை வந்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு, "முடிஞ்சதும் போன் பண்ணுங்க" என்றாள்.

நேர்முகத் தேர்வு நன்றாகவே நடந்தது. தாளாளர் "பல்லிக்கூடம்" என்றபோது தமிழய்யா புன்னகை செய்தார். தாளாளருக்கு அவரைப் பிடித்துப்போனது. "ஆறாம் கிளாஸ்ல போய் ஒரு பாடம் நடத்திக் காட்டுங்க, தலைமையாசிரியை பின்னாடி உட்கார்ந்து பார்ப்பாங்க. அவங்க சரின்னா சரி" என்று சொல்லி அனுப்பினார்.

மதியம் ஒரு மணிக்கு மாசிலாமணி ஜெபாவின் மாடிப்படிகளை இரண்டிரண்டாக ஏறி வந்தார். முகம் சிவந்திருந்தது. பூங்கோதைக்கு இன்னும் போன் செய்யவில்லை.

"போச்சு. எல்லாம் போச்சு. உன் பேச்சைக் கேட்டதுக்கு எனக்கு நல்லா வேணும்."

"உட்காருங்கய்யா. என்ன ஆச்சு?"

அவர் உட்காரவில்லை. "வகுப்புல ஒரு பொண்ணைக் கூப்பிட்டு, உங்க வீட்டைப் பத்தி ஒரு வரி எழுதும்மான்னு சாக்பீஸைக் கொடுத்தேன். எழுதுனா. ஒரு வரியில ரெண்டு பிழை. நான் பார்த்தேன். பார்த்துட்டும் வாயைத் திறக்கலை. நன்று, போய் உட்காருன்னு சொன்னேன். அவ்வளவுதான். அந்தத் தலைமையாசிரியை வெளியில கூப்பிட்டு என்ன சொல்றாங்க தெரியுமா?"

"என்ன சொன்னாங்க?"

"பிள்ளை எழுதுனதுல ரெண்டு பிழை, அதுகூடக் கண்ணுல படாதவரு தமிழ் எப்படி நடத்துவாருன்னு கேட்டாங்க. என்னைப் பார்த்து! பத்தொம்பது வருசத்துல இந்த ஊர்ல என் கண்ணுக்குத் தப்பின பிழை ஒண்ணு உண்டா?" கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டுமல்ல.

ஜெபா ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வைத்தாள்.

"நீதானே பிழையைப் பார்க்காதேன்னு சொன்ன?"

"நான் அப்படிச் சொல்லலைங்கய்யா."

"பின்ன என்னதான் சொன்ன?"

அவள் சாக்பீஸை எடுத்து நீட்டினாள். "அந்தப் பொண்ணு எழுதுனது ஞாபகம் இருக்காய்யா?"

ஞாபகமா? அவருக்கு அந்த வரி கண்ணுக்குள்ளேயே நின்றது. விறுவிறுவென்று சுவரில் இருந்த கரும்பலகைக்குப் போய், பிழை உட்பட அப்படியே எழுதினார்.

எங்கள் வீட்டில் இப்போது அப்பா தான் சமயல் செய்கிறார்.

"பாரு. அப்பாதான்னு சேர்த்து எழுதணும், பிரிச்சுட்டா. சமையல்ல ஐகாரம் இல்லை." இரண்டு இடத்திலும் சாக்பீஸால் வட்டம் போட்டார். "எழுதி முடிச்சவ இடத்துக்குப் போகவும் இல்லை. சாக்பீஸைக் கையில வச்சுக்கிட்டு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னா. திருத்துவாருன்னு நின்னிருப்பா. நான்தான் நன்றுன்னு சொல்லி அனுப்பி வச்சேன். போகவே மனசில்லாம போனா."

ஜெபா பலகைக்கு அருகில் வந்தாள். வட்டங்களை அவள் பார்க்கவில்லை. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரைக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைபோல உதடு அசைய மெதுவாகப் படித்தாள். படித்து முடித்த பிறகு, அவர் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அவ அம்மாவுக்கு என்ன ஆச்சாம்யா?"

மாசிலாமணி பலகையைப் பார்த்தார். "இப்போது" என்ற சொல்லில் பிழை ஏதும் இல்லை. அதை அவர் அப்போதுதான் படித்தார்.