அணுத்தாயின் மகளும் மின்மினியும்

மண்ணிலும் நீரிலும் உள்ள அணுக்கள்கூட வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஓர் அணுவுக்குள் தாயும் மகளும் இருந்தார்கள். தாய் அசைய முடியாதவள். மகளோ ஓரிடத்தில் நிற்காத ஓட்டக்காரி. மகளின் குரலைக் கேட்டிருக்கிறாளே தவிர, தாய் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை.

"என் பிள்ளை எங்கே இருக்கிறாள்? யாராவது பார்த்துச் சொல்லுங்களேன்" என்று அழுதாள்.

முதலில் எறும்பு வந்தது. அணுவை உருட்டியது, கடித்துப் பார்த்தது. "கடுகு மாதிரி கெட்டி உருண்டை. உள்ளே இடமே இல்லை" என்றது. எறும்பு லேசுப்பட்ட ஆளில்லை. எந்த உருண்டையோடு எது சேர்ந்தால் நீராகும் என்று சரியாகச் சொன்னது அதுதான். ஆனால் உள்ளே இடமில்லை என்றால் அழுவது யார்?

"உள்ளே பிள்ளை உண்டு" என்றது கிளி. "கொய்யாவில் விதை பதிந்திருப்பதுபோல் உன் உடம்பிலேயே பதிந்திருக்கிறாள்."

பிள்ளை உண்டு என்று ஒருவர் சொன்னதே தாய்க்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும், "என்னோடு ஒட்டியிருந்தால் எனக்குத் தெரியாதா கிளியே?" என்று கேட்டாள்.

பிறகு வௌவால் தன் குரலை அணுவுக்குள் எறிந்தது. அநேகமாக எல்லாமே தடையின்றி மறுபக்கம் போய்விட்டது. எப்போதாவது ஒரு குரல்தான் எதிலோ மோதி, எறிந்த முகத்துக்கே திரும்பியது.

"அம்மா, நீ நடுவில் சின்னஞ்சிறு புள்ளி. சுற்றிலும் வெட்டவெளி. அதன் ஓரத்தில் உன் மகள் சுற்றுகிறாள்."

"அவ்வளவு தூரத்திலா?" என்றாள் தாய். "அவளைப்போல் சுற்றி ஓடுகிறவர்கள் ஒளி சிந்துவார்கள் என்பார்களே; ஓடி ஓடி, சிந்திச் சிந்தி இளைத்துப்போவாளே. விழுந்தாலும் என் மடியில்தானே விழுவாள்! ஏன் இன்னும் விழவில்லை?"

வௌவால் பறந்துபோய்விட்டது.

மின்மினிக்கு ஒளியின் பாஷை தெரியும். அணு சிந்திய நிறங்களைப் பார்த்து அது சொன்னது: "அவள் படிபோல் அடுக்கிய பாதைகளில் சுற்றுகிறாள் அம்மா. படி இறங்கும்போது மட்டுமே ஒளி சிந்துகிறாள். கடைசிப் படிக்குக் கீழே படி கிடையாது. அவளால் உன்னிடம் வரவே முடியாது."

பல பிள்ளைகள் உள்ள அணுக்களில் மின்மினியின் கணக்கு பிசகியது. இந்த ஒற்றைப் பிள்ளை வீட்டுக்குச் சரியாகவே இருந்தது.

தாய் கெஞ்சினாள். "வர வேண்டாம். முகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லு தாயி."

மின்மினி விளக்கோடு உள்ளே போனது.

"கிட்ட வராதே அக்கா! வெளிச்சம் பட்டால் என்னால் நிற்க முடியாது!" என்று மகள் கத்தினாள்.

கூச்சப்படுகிறாள் என்று நினைத்து மின்மினி விளக்கைத் தூக்கிப் பிடித்தது. ஒளி பட்ட வேகத்தில் மகள் அணுவைவிட்டே தூக்கி எறியப்பட்டாள். "அம்மா!" என்ற குரல் தொலைவில் தேய்ந்தது.

எதுவும் அறியாத தாய் ஆவலாகக் கேட்டாள். "பார்த்தாயா? யார் சாயல்?"

"பார்ப்பதற்குள் போய்விட்டாள் அம்மா."

அந்த மகளைத்தான் நாம் எலக்ட்ரான் என்கிறோம். இன்ன இடத்தில், இன்ன பாதையில் இருக்கிறாள் என்று அதன்பின் யாரும் அடித்துச் சொல்லவில்லை. மூட்டம்போல் எங்கும் இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அன்று முதல்தான் மின்மினி தன் விளக்கை ஏற்றிய கையோடு பயந்து அணைத்துவிடுகிறது.