இரண்டடி குறைந்த கரை

அப்போதெல்லாம் ஆற்றுக்கு அக்கரை வேறு நாடு. இரு நாட்டாரும் நடுவே பாலம் கட்டினார்கள். உயரத்தை அக்கரைக்காரர்கள் கடல்மட்டத்திலிருந்து அளந்தார்கள். நம்மவர்கள், ராஜாவின் அரியணைக்கு எத்தனை அடி கீழே என்று பார்த்தார்கள். இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுச் சரிசெய்து வைத்திருந்தும், அந்த வருஷம் அளந்தபோது நம் கரை மட்டும் இரண்டடி குறைந்தது.

ராஜா கொதித்தார். அளவுகோல் பிடிக்கும் சடையனை இழுத்து வந்தார்கள்.

"அடேய்! பொழுது சாய்வதற்குள் கரையை உயர்த்து. இல்லையென்றால் தலை இருக்காது."

"கரை மட்டும் எதுக்கு மகாராஜா? நாட்டையே உயர்த்திடலாம். நீங்க கொஞ்சம் எழுந்திருக்கணும்."

"எதற்கு?"

"போன மாசம் அரியணைக்கு அடியில போட்ட புது மேடையை எடுக்கணும். அது சரியா இரண்டடி."

ராஜா குனிந்து பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே இறங்கினார்.

சொன்னால் இறங்குகிற ராஜாக்களும் ஒரு காலத்தில் இருந்தார்கள்.