பலாப்பழக் கூலி

அத்திக்காட்டு மரங்கொத்தி டொக்கனுக்கு வேலை போனது ஒரு மைனாவால்.

மைனா கெட்டவள் இல்லை. ஒரு நாள் காலையில் பறந்து போகும்போது, பெரிய அத்திமரத்துப் பொந்திலிருந்து அணில் கொட்டைகளை வெளியே எடுத்துப் போடுவதைப் பார்த்தாள். அந்தப் பொந்தில்தான் காட்டில் பாதிப் பேர் தங்கள் கொட்டைகளைக் கொடுத்து வைத்திருந்தார்கள். அணில் அவற்றைப் பத்திரமாக வைத்திருப்பான். விதைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் கடனாகவும் கொடுப்பான். அன்று ஈரம் பட்ட கொட்டைகளை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

"அணில் மூட்டை கட்டுகிறான்!" என்று மைனா கத்தினாள்.

உச்சிவெயில் வருவதற்குள் காடே அத்திமரத்தடியில் நின்றது.

"என் பங்கைக் கொடு!"

"எனக்கு முதலில் கொடு!"

"யோவ், வாலை மிதிக்காதே!"

எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் அணில் என்ன செய்வான்? பாதிக் கொட்டைகள் கடனாகப் போய் மண்ணுக்குள் முளைவிட்டுக்கொண்டிருந்தன. முந்தி வந்தவர்களுக்குக் கொட்டை கிடைத்தது. பிந்தி வந்தவர்கள் காலிப் பொந்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

அன்றிலிருந்து யாரும் யாரையும் நம்பவில்லை. இருந்ததை எல்லாம் குழி தோண்டிப் புதைத்தார்கள். புதுப் பொந்து இப்போது எதற்கு என்று கிளிகள் மாமியார் பொந்திலேயே நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. பொந்து குடைந்து, கூலியாகப் பழம் வாங்கி, அந்தப் பழத்தைக் கரடியிடம் கொடுத்துக் கறையான் புற்றை உடைக்கச் சொல்லிச் சாப்பிட்டுவந்தவன் டொக்கன். இப்போது அவனிடம் பழம் இல்லை. பழம் இல்லாததால் கரடி புற்றை உடைக்கவில்லை. கரடி சுருண்டு படுத்ததால் தேன் எடுப்பார் இல்லை.

மரங்கள் வழக்கம்போலக் காய்த்தன. தேனீக்கள் வழக்கம்போலப் பாடின. எல்லாம் இருந்தது. கூடவே பசியும் இருந்தது.

அப்போது காட்டுக்குத் தலைவர் மயில். "பதறாதீர்கள்! பருவம் மாறினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்!" என்று சொல்லிவிட்டு ஆடப் போனார். பருவம் மாறியது. மயிலுக்கு இறகு உதிர்ந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

டொக்கனின் மனைவி செங்கொண்டை ஒரு நாள் பேச்சை எடுத்தாள்.

"மழை வந்ததும் நான் முட்டையிட வேண்டும். இந்த ஒட்டிய வயிற்றை வைத்துக்கொண்டு எப்படி இடுவேன்? மலைக்கு அந்தப் பக்கம் போய்விடலாம்."

"வழியெல்லாம் மொட்டைப் பாறை, செங்கொண்டை. பருந்து சும்மா விடுமா?"

"இங்கே பசி சும்மா விடுகிறதா?"

முதல் மழை விழுவதற்குள் வேலை கிடைத்தால் இருப்பது, இல்லாவிட்டால் கிளம்புவது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தலைவர் தேர்தல் வந்தது. மயிலை எதிர்த்து நின்றவள் கருத்தாயி என்ற காட்டுப்பன்றி. கண்ணியில் மாட்டிப் பின்னங்கால் ஒன்று போனவள்.

"நேராக நடக்க முடியாதவள் காட்டை எப்படிக் காப்பாற்றுவாள்?" என்று மயில் கேட்டார்.

"காட்டை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடுவேன் என்றா சொன்னேன், மயிலாரே? யோசிப்பேன் என்றுதான் சொன்னேன். அதற்கு இந்த மூன்று கால் போதும்!"

காடு சிரித்தது. சிரித்து நெடுநாளாகியிருந்தது. கருத்தாயி ஜெயித்தாள்.

அன்று மாலை குளத்தங்கரையில் நின்று, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல அவள் பேசினாள்.

"அணில் பொந்தைக் கொஞ்ச நாள் மூடுகிறேன். உள்ளே மிச்சமிருப்பதை நானே மோந்து பார்ப்பேன். சொத்தையைத் தூக்கி எறிவேன். நல்லதாக இருந்தால் திறப்பேன். அதற்குப் பிறகும் பொந்து காலியானால் என் கிழங்குக் கொல்லையிலிருந்து உங்களுக்கு ஈடு கொடுப்பேன். பயம்தான் நம் சாப்பாட்டைத் தின்றுகொண்டிருக்கிறது. அதற்கு இனிமேல் பரிமாற வேண்டாம்!"

கருத்தாயியின் மூக்கை எல்லோரும் நம்பினார்கள். பொந்து திறந்த அன்று, முயல் ஒன்று தயங்கித் தயங்கி வந்து ஒரே ஒரு கொட்டையை உள்ளே வைத்தது. அணில் அழுதேவிட்டான்.

ஆனால் டொக்கனுக்கு வைக்கவும் கொட்டை இல்லை, எடுக்கவும் கொட்டை இல்லை. அவனைப் போலப் பலர். அவர்களைக் கருத்தாயி குளத்துக்கு வரச் சொன்னாள்.

"குளம் தூர்ந்து கிடக்கிறது. மழைக்கு முன்னால் தூர் வார வேண்டும். கூலி உண்டு!"

முயல்களும் எலிகளும் மண் தோண்டின. மான்கள் கரையை மிதித்துக் கெட்டியாக்கின. டொக்கனுக்கு ஒரு பட்டுப்போன மரத்தைக் காட்டினாள். "இதை உள்ளே குடைந்து கொடு. கரைக்குள் பதித்தால் மதகாகும். தண்ணீர் அளவாக வெளியே போகும்."

டொக்கன் அந்த மரத்தின்மேல் உட்கார்ந்து முதல் கொத்து கொத்தினான். அலகு துருப்பிடித்ததுபோல வலித்தது. அந்த வலி அவனுக்குப் பிடித்திருந்தது.

கூலிக்குக் கிழங்கு எங்கிருந்து வந்தது? பாதியைக் கருத்தாயி தன் கொல்லையில் தோண்டினாள். மீதியை, வளை நிறையக் கிழங்கு வைத்திருந்தவர்களிடம் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கினாள். முள்ளம்பன்றி ஈட்டியப்பருக்கு வந்ததே கோபம்! உடம்பு முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு நின்றார்.

"வேலைவெட்டி இல்லாத கும்பலுக்கு என் கிழங்கா? எல்லோரையும் சோம்பேறி ஆக்குகிறாய்!"

டொக்கன் மரத்திலிருந்து எட்டிப் பார்த்தான். "அண்ணே, நீங்களே ஒரு வேலை கொடுங்களேன். நான் சோம்பேறியா இல்லையா என்று அப்புறம் சொல்லுங்கள்."

"எனக்கு எதற்குப் பொந்து? எனக்கு வளை இருக்கிறது!"

"அதைத்தான் நானும் சொல்கிறேன், அண்ணே."

சாயங்காலம் எல்லோருக்கும் கிழங்கு கிடைத்தது. மறுநாள் காலையில் கருத்தாயி காட்டைச் சுற்றி வந்தாள். போகிற இடமெல்லாம் புதிதாகத் தோண்டி மூடிய மண். முயல் புதைத்திருந்தது. மான் புதைத்திருந்தது. டொக்கனும் கரடியிடம் போகாமல், நாளைக்கு இருக்கட்டும் என்று சருகுக்கடியில் ஒளித்து வைத்திருந்தான். கரடி அதே இடத்தில் அதே மாதிரி சுருண்டு படுத்திருந்தது.

"என்னிடமிருந்த கிழங்கை எடுத்து மண்ணுக்குக் கொடுத்துவிட்டாய்! பெரிய திட்டம்!" என்றார் ஈட்டியப்பர்.

"உண்மைதான், தப்பு என்னுடையது. செய்து பார்த்தேன், நடக்கவில்லை. வேறு செய்து பார்க்கிறேன்."

"ஒன்றும் தெரியாமலா தலைவி ஆனாய்?"

"எல்லாம் தெரிந்தவர் ஆடிக்கொண்டிருந்தாரே!"

அன்று யானைகளைக் கூப்பிட்டு என்னவோ சொன்னாள். சாயங்காலம் கூலி வாங்க வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். குளக்கரையில் மலைபோலக் குவிந்திருந்தது பலாப்பழம். அத்தனையும் கனிந்து வெடிக்கிற பதம்.

"ஆளுக்கு ஒன்று!" என்றாள் கருத்தாயி.

டொக்கன் பதறினான். "தலைவி, நான் பூச்சி தின்கிறவன்!"

"தெரியும்."

"வைத்திருந்தால் நாளைக்கே அழுகிவிடும்!"

"அதுவும் தெரியும்."

"புதைத்தால் வாசம் காட்டையே கூட்டிவிடும்!"

"கூட்டட்டுமே!"

டொக்கன் தன் பழத்தின்மேல் உட்கார்ந்து யோசித்தான். யோசித்தபடியே பழக்கதோஷத்தில் ஒரு கொத்து கொத்தினான். பலா வெடித்தது. வாசம் கிளம்பியது. சிறிது நேரத்தில் புதர் அசைந்து கரடியின் மூக்கு வெளியே வந்தது. மூக்குக்குப் பின்னால் கரடியும் வந்தது.

"டொக்கா, தம்பி! எப்படி இருக்கிறாய்?"

"பசியோடு இருக்கிறேன், அண்ணே."

"நானும்தான்."

கரடி பலாவை மோந்து பார்த்தது. டொக்கன் கரடியின் நகங்களைப் பார்த்தான்.

"அந்தப் பழம்..." என்றது கரடி.

"அந்தப் புற்று..." என்றான் டொக்கன்.

இரண்டும் ஒரே நேரத்தில் சொன்னதால் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கரடி ஒரே அறையில் புற்றை உடைத்தது. டொக்கன் செங்கொண்டையைக் கூப்பிட்டான். அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

வயிறு நிறைந்த கரடிக்குத் தேன் ஞாபகம் வந்தது. தேன் கிடைத்ததும் அதை வாங்கிக்கொள்ள மந்திகள் நெல்லிக்காயோடு வந்தன. நெல்லிக்காய் மான்களுக்குப் போனது. அழுகும் பொருளை யாரால் பூட்டி வைக்க முடியும்? கையில் வாங்கியவர் உடனே கை மாற்றினார். அதோடு, ஒவ்வொரு கூலியிலும் ஒரு சுளையைப் பல் போன கிழடுகளுக்கென்று கருத்தாயி எடுத்து வைத்தாள். ஒரு கிழட்டு மந்தி அதை ஈறால் மென்றுகொண்டே சொன்னது: "சாக எனக்குப் பயமில்லை, தாயே. பசியோடு சாகத்தான் பயந்தேன்."

மதகு முடிந்தது. கரை முடிந்தது. மேற்கே மேகம் கருத்தது.

"மழை வந்தால் குளத்து வேலை முடிந்துவிடும்" என்றாள் செங்கொண்டை. "தலைவி எத்தனை நாளைக்குத்தான் கூலி கொடுப்பாள்? அதற்கப்புறம் யார் கொடுப்பார்கள்? சிறகில் தெம்பு இருக்கும்போதே போய்விடலாம்."

டொக்கன் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டான். அவள் சொன்னதில் தப்பில்லை. முதல் துளி இலைமேல் விழுந்தது. இரண்டு பேரும் கிளையின் நுனிக்கு வந்து மலையைப் பார்த்து நின்றார்கள்.

"ஐயா! யாராவது இருக்கிறீர்களா?"

கீழ்க்கிளையில் இரண்டு புள்ளி ஆந்தைகள். இரவில் குளக்கரைக்குக் காவல் இருந்து கூலி வாங்கியவை. ஆணுக்கு வெட்கம், பெண்தான் பேசியது.

"எங்கள் கல்யாணத்தை ரொம்ப நாளாகத் தள்ளிப் போட்டுவந்தோம். இப்போது கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. எங்களுக்கு ஒரு பொந்து வேண்டும். கையில் பழம் இருக்கிறது. பொந்து குடைகிறவர் ஊரை விட்டுப் போகப்போகிறார் என்றார்களே, உண்மையா?"

டொக்கன் செங்கொண்டையைப் பார்த்தான். அவள் மலையைப் பார்த்தாள். பிறகு ஆந்தைகளைப் பார்த்தாள்.

"யார் சொன்னது? அவர் எங்கேயும் போகவில்லை. நனையாமல் உள்ளே வாருங்கள். எந்த மரத்தில் வேண்டும்?"

அதற்கு முன்பே மலையைத் தாண்டிப் போனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. அத்திக்காடு முழுவதும் தேறவும் வருடங்கள் ஆயின. கருத்தாயியின் திட்டங்களில் சில பலித்தன, சில பலிக்கவில்லை. ஆனால் அந்த மழையில் செங்கொண்டை முட்டையிட்டாள்.

பயத்தில் எல்லோரும் கையை மூடிக்கொள்ளும்போது, முதலில் தன் கையைத் திறந்து வேலை கொடுப்பதுதான் தலைமை. மற்றவர்களுடைய கைகளைத் திறப்பதும் அந்த வேலைதான்.