முகம் காட்டிய அழுங்கு

மலையடிவாரக் காட்டில் ஒரு பெரிய குளம் இருந்தது. அதற்கு இரண்டு துறைகள். கிழக்குத் துறையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். காட்டெருமைகளும் மான்களும் அங்கே குடித்தன. மேற்குத் துறை முழுக்கச் சேறு. மண்ணைத் தோண்டிப் பிழைக்கிற அழுங்கும் முள்ளம்பன்றியும் உடும்பும் அங்கேதான் குடிக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டைப் போட்டது யாரென்று எவருக்கும் தெரியாது. "மண் தோண்டுகிறவர்கள் வாய் வைத்தால் தண்ணீர் கெட்டுப்போகும்!" என்பான் காட்டெருமைத் தலைவன் திமிலன். அவன் அப்பனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. ஊர் சுற்றிவரும் இருவாச்சிப் பறவை ஒருநாள் ஒரு செய்தி கொண்டுவந்தது. "மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் இப்போது எல்லாரும் ஒரே துறையில் குடிக்கிறார்கள்! என் கண்ணால் பார்த்தேன்!"

மேற்குக் கரையில் ஒரே பேச்சு. "நாமும் போய்விட வேண்டியதுதான்!" என்று முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு முழங்கும். எல்லாரும் ஆமாம் போடுவார்கள். ஆனால் முதலில் போவது யார் என்று கேட்டால், ஆளாளுக்கு வேலை வந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காதவள் செதிலி என்ற அழுங்கு. உடம்பு முழுக்க ஓடு போலக் கெட்டியான செதில்கள், ஆனால் பயந்த சுபாவம். ஒரு சருகு விழுந்தாலும் தலையை வயிற்றுக்குள் புதைத்து உருண்டையாகச் சுருண்டுகொள்வாள். அவளுக்கு ஒரே பிள்ளை, மொட்டு. எங்கே போனாலும் அம்மாவின் வாலைக் கட்டிக்கொண்டு சவாரி செய்யும்.

கோடை மழை ஒன்று கொட்டித் தீர்த்தது. மலையிலிருந்து வந்த குப்பையெல்லாம் மேற்குத் துறையில் சேர்ந்து நாறியது. அதைக் குடித்த மொட்டுக்கு வயிற்றால் போயிற்று. கண் உள்ளே போய், நாக்கு வறண்டு கிடந்தது.

"அம்மா, தண்ணி..." என்றது.

செதிலிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் தெம்பு வேண்டுமே என்று கரையான் புற்றைத் தேடிப் போனாள். புற்றின் அருகே போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

புற்று திறந்துகொண்டிருந்தது! ஒவ்வொரு துளையிலிருந்தும் ஈசல்கள் வந்துகொண்டே இருந்தன. பிறந்ததிலிருந்து இருட்டைத் தவிர எதையும் பார்த்திராத பூச்சிகள்! வாசலில் ஒரு நொடி தயங்கின. பிறகு ஒவ்வொன்றாக மேலே கிளம்பின. மழை நின்ற வெயிலில் ஆயிரமாயிரம் இறக்கைகள் மின்னின. மண்ணே எழுந்து பறப்பது போலிருந்தது.

செதிலிக்குச் சாப்பிட வந்ததே மறந்துபோனது.

"வெளியே வந்தால் குருவி தின்னும், ஓணான் தின்னும்! நானே தின்பேன்! உங்களுக்குப் பயமாக இல்லையா?" என்று வாசலில் நின்ற ஒரு ஈசலைக் கேட்டாள்.

"பயமாகத்தான் இருக்கிறது! ஆனால் இறக்கை முளைத்துவிட்டதே! இதை வைத்துக்கொண்டு மண்ணுக்குள்ளே என்ன செய்வது?" என்று சொல்லிவிட்டு அது பறந்துபோயிற்று.

செதிலி வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேற்குக் கரைக்குத் திரும்பி வந்து, பிள்ளையை வாலில் ஏற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் நடந்தாள்.

"அக்கா! அங்கே எங்கே போகிறாய்?" என்று அலறியது முள்ளம்பன்றி.

"தண்ணீர் இருக்கிற இடத்துக்கு!"

கிழக்குத் துறையில் காட்டெருமைகள் கரிய பாறைகளைப் போல வரிசையாக நின்றன. திமிலன் முன்னால் வந்தான். அவன் மூச்சுக் காற்றில் தரையிலிருந்த புல் படுத்தது.

"நில்! உன் துறை அந்தப் பக்கம்!"

செதிலியின் உடம்பு தானாகவே சுருளத் தொடங்கியது. கழுத்து வளைந்தது. சுருண்டுவிட்டால் எந்தக் கொம்பும் அவளை ஒன்றும் செய்ய முடியாது. மொட்டும் பத்திரமாக உள்ளே இருக்கும். ஆனால் அதன் தாகமும் உள்ளேயே இருக்குமே! அவள் பல்லில்லாத வாயை இறுக்கிக்கொண்டு, வளைந்த கழுத்தை நிமிர்த்தினாள்.

"ஐயா, என் பிள்ளைக்கு நல்ல தண்ணீர் வேண்டும்."

"மிதித்துவிடுவேன்!"

"மிதிப்பதானால் என் முகத்தைப் பார்த்து மிதியுங்கள்! நான் சுருளப் போவதில்லை!"

திமிலன் குளம்பைத் தூக்கினான். குனிந்து பார்த்தான். அவன் எத்தனையோ அழுங்குகளைப் பார்த்திருக்கிறான். எல்லாம் காலடியில் கிடக்கும் உருண்டைகள். முகம் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஈரமான சின்னக் கண்கள். நடுங்கும் மூக்கு. பின்னால், வாலைக் கட்டிக்கொண்டு ஒரு வாடிய பிஞ்சு முகம்.

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

"உனக்குக் கண் இவ்வளவு சின்னதா?" என்று கேட்டான் திமிலன். அதைக் கேட்க வேண்டுமென்று அவன் நினைக்கவேயில்லை.

"சின்னதுதான் ஐயா. ஆனாலும் நீங்கள் நன்றாகத் தெரிகிறீர்கள்."

"என்ன தலைவா பேச்சு? மிதியுங்கள்!" என்று பின்னால் ஒரு எருமை கத்தியது.

அப்போது மான் கூட்டத்திலிருந்து ஒரு பெண்மான் தன் குட்டியோடு வெளியே வந்தது. திமிலனைத் தாண்டி, செதிலியின் பக்கத்தில் வந்து நின்றது.

"இந்தப் பக்கமாக வா அம்மா. இங்கே வழுக்காது," என்றது.

திமிலன் காலை இறக்கினான், வெறும் தரையில். ஓரமாக ஒதுங்கினான்.

செதிலி தண்ணீர் விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தாள். குனிந்து பார்த்தாள். தண்ணீருக்குள் வானம் இருந்தது! மேகம் இருந்தது, மலை உச்சி இருந்தது! சேற்றுத் துறையில் பிறந்து வளர்ந்தவளுக்கு, தண்ணீருக்குள் இவ்வளவு பெரிய உலகம் இருக்குமென்று யார் சொன்னார்கள்?

"அம்மா, அங்கே நம்மைப் பார்ப்பது யார்?" என்றது மொட்டு.

"நான்தான் கண்ணே. பக்கத்தில் நீ!"

மொட்டு நாக்கை நீட்டிக் குடித்தது. வானம் சற்றே அலைந்தது, பிறகு முன்போலவே தெளிந்தது. தண்ணீருக்கு ஒரு கேடும் வரவில்லை. கரையில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. முள்ளம்பன்றி வந்துகொண்டிருந்தது, முள்ளையெல்லாம் மடக்கிக்கொண்டு. அதன் பின்னே உடும்பு. அதன் பின்னே மேற்குக் கரையே வந்துகொண்டிருந்தது.

திமிலன் அன்று தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாளும் தூரத்திலேயே நின்றான். அப்புறம் ஒருநாள் காலையில் முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "கொஞ்சம் தள்ளிக்கொள், குத்துகிறது!" என்று சொல்லிவிட்டுக் குடித்தான்.

அன்பு நடுங்கிக்கொண்டே ஆனாலும் முதல் அடியை எடுத்து வைத்துவிட்டால், எவ்வளவு பழைய வழக்கமும் அதற்கு வழிவிடும்.