ஐப்பசிக்குச் சேர்த்த அரிசி

ஆற்றுக்கு நடுவே ஒரு திட்டு. அதில் ஓர் ஊர். ஊரின் மேட்டில் சின்ன மடம். மடத்துக்குத் தலைவி அருளம்மை. வயதில் சின்னவள்தான். ஆனாலும் ஊரே அவளைத் தாயம்மா என்றுதான் கூப்பிடும்.

ஆடியில் அவள் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னாள்.

"ஐப்பசியில வெள்ளம் பெருசா வரும்போல இருக்கு. ஓடம் ஓடாது. வீட்டுக்கு வீடு தானியம் சேர்த்து வைங்க."

"ஆகட்டும் தாயம்மா" என்று பெரிதாகத் தலையாட்டினார்கள். வீட்டுக்குப் போனதும் மறந்தும் போனார்கள்.

மறக்காதவள் செங்கமலம் ஒருத்திதான். மடத்தில் உபதேசம் பெற்ற சிஷ்யை, அருளம்மையைவிட மூத்தவள். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள் எப்படி மறப்பாள்? நெல்லை அவித்துக் காயவைத்தாள். துவரையில் வண்டு விழாமல் செம்மண் பூசிக் காயவைத்தாள். அரிசிப் பானையில் வசம்பைப் போட்டு வாயைத் துணியால் இறுக்கினாள். புளி, உப்பு, வற்றல் எதையும் விடவில்லை.

எதிர்வீட்டு மரகதம் வாசலில் நின்று சிரித்தாள். "என்னக்கா, பஞ்சத்துக்கே பொண்ணு குடுக்கப் போறியா? சீர்வரிசை பலமா இருக்கே!"

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. ஓடம் நின்றது. சில நாள் கழித்து ஒரு காலையில் தெருவே சட்டியோடு செங்கமலத்தின் வாசலில் நின்றது. முதல் ஆள் மரகதம்.

"தாயம்மாதான் அனுப்பினாங்க, அக்கா."

செங்கமலத்துக்கு உச்சி எரிந்தது. கதவைப் பூட்டிவிட்டு முழங்கால் தண்ணீரில் மடத்துக்கு நடந்தாள்.

"இது எந்த ஊர் நியாயம் தாயம்மா? கறையான் புத்து கட்டும், பாம்பு குடிபோகுமா? வெயில்ல காஞ்சவ நான். சிரிச்சவங்க அவங்க. இப்ப சோறு மட்டும் பொதுவா?"

அருளம்மை எழுந்து மடத்துக் குதிரின் மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு மணி நெல் இல்லை.

"ஊருக்குச் சொல்லிட்டு நீங்க சேர்த்து வைக்கலையா?"

"சேர்த்தேன் அக்கா. ஓடம் நின்னதுலேர்ந்து நேத்து வரைக்கும் உங்க தெரு எதைத் தின்னுச்சுன்னு நினைச்சீங்க?"

செங்கமலம் சற்றுத் தடுமாறினாள். கோபம் மட்டும் இறங்கவில்லை.

"என் புள்ளைங்க வாயில இருக்கறதைப் பிடுங்கி ஊருக்குப் போட்டா, நாளைக்கு அதுங்க கதி?"

"சோறா வடிச்சா பத்தாது. கஞ்சியாக் காய்ச்சினா தண்ணி வடியற வரைக்கும் வரும். உங்க புள்ளைங்களுக்கும் கஞ்சிதான்."

"ஏன், அவங்களும் உங்க பேச்சைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்க மாட்டாங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."



"தெரிஞ்சுமா? அப்புறம் எதுக்கு ஊரைக் கூட்டி வெச்சுச் சொன்னீங்க?"

"வெள்ளம் வந்தா இவங்களை யார் வீட்டுக்கு அனுப்பறதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா அக்கா?"