ஆறு வாரக் குட்டிகளுக்கு ஊசி

"சாமி, பூனைக்குட்டிகளுக்கு ஆறு வாரம் முடிஞ்சிருச்சு. ஊசி இப்பவே போடலாமா, எட்டு வாரம் வரைக்கும் பொறுக்கலாமா?"

குணவதி கேட்டாள். சாமி பேசவில்லை.

சாமி பேசாதது ஒன்றும் புதிதில்லை. அந்த மலையடி ஆசிரமத்துக்கு ஜனங்கள் பஸ் ஏறி வருவதே அவர் பேசாததைக் கேட்கத்தான்.

குணவதி நகரவில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தை நடத்தியவள். இப்போது ஆசிரமத்துச் சமையல் அவள் பொறுப்பு. பதில் வராமல் பாத்திரத்தை இறக்குகிற ஆளா அவள்!

"மருந்துக்கடைக்காரர் எட்டு வாரம்கிறார். பால் ஊத்தற பொம்மி, தாய்ப்பாலை மறக்கட்டும்கிறா. நான் யார் பேச்சைக் கேக்க?"

சாமி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருஷமும் இப்படித்தான் மரத்தைப் பாத்தீங்க."

சாமியின் பார்வை இறங்கியது.

போன வருஷம் நடந்தது இதுதான். அரிசி அறையில் பூனை நாலு குட்டி போட்டது. ஊசி போடலாமா என்று குணவதி கேட்டாள். சாமி பேசவில்லை. பக்கத்தில் இருந்த சீடர் சபேசன், "சாமி மௌனமா இருந்தா, இயற்கையை அதன் போக்கில விடுங்கன்னு அர்த்தம்" என்றார். சாமியின் மௌனத்துக்கெல்லாம் பொருள் எழுதி வைக்க அவரிடம் ஒரு நோட்டே உண்டு.

குணவதியும் விட்டாள்.

ஏழாவது வாரம் வாந்தியும் பேதியும் கண்டது. ஐந்து நாளில் நாலும் போய்விட்டன. கடைசிக் குட்டி அவள் மடியிலேயே உயிரை விட்டது. அவளுக்கு மனசு ஆறவே இல்லை.

"இந்த மூணும் போச்சுன்னா நான் இங்க இருக்க மாட்டேன் சாமி. எம் பொண்ணு வீட்டுக்குக் கிளம்பிருவேன்" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

 சாமி மெல்லச் சொன்னார்.

"போன வருஷம் நீங்க கேட்டப்போ எனக்குப் பதில் தெரியலைம்மா. அதான் பேசாம இருந்தேன்."

"என்ன?"

"தெரியலை."

"ஐயோ சாமி! அந்த ஒரு வார்த்தையை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் டவுனுக்கு ஓடியிருப்பேனே!"

சாமி தலை குனிந்துகொண்டார்.

"இப்போ தெரியுமா?" என்று கேட்டாள்.

"இல்லை."

சொல்லிவிட்டு எழுந்தார். அரிசி அறைக்குப் போய், காய்கறிக் கூடையில் பழைய துண்டை விரித்து, மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கறுப்புக் குட்டி அவர் கையைக் கீறியது. ரத்தம் வந்தது. தாய்ப்பூனை பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது.

"எங்க சாமி?"

"தெரிஞ்சவங்ககிட்ட."

டவுனில் டாக்டர் ஷகிலா பானுவின் கிளினிக்கில் நல்ல கூட்டம். மடி வீங்கிய ஆட்டுக்கும் காது கடிபட்ட நாய்க்கும் நடுவில், கூடையை மடியில் வைத்துக்கொண்டு சாமி குணவதியோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து வழிவிட ஒருத்தரும் இல்லை. அங்கே அவரை யாருக்குத் தெரியும்?

முறை வந்தது. டாக்டர் முதலில் சாமியின் கையைத்தான் பார்த்தாள்.

"பூனை கீறினதா? சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்க. அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய் நீங்களும் ஊசி போட்டுக்கணும்."

"எனக்குமா?"

"உங்களுக்குத்தான் முதல்ல."

சாமி கழுவிவிட்டு வந்தார். குணவதி போன வருஷக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் குட்டிகளின் வாயைத் திறந்து பார்த்தாள், எடை போட்டாள்.

"அதே அறையிலயா வச்சிருக்கீங்க? முதல்ல இடத்தை மாத்துங்க. அந்தக் கிருமி ஒரு வருஷம்கூட அங்கயே கிடக்கும். பிளீச்சிங் போட்டுக் கழுவுங்க. ஊசியை இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம்."

"எட்டு வாரம்னாங்களே?"

"பொதுவா அப்படித்தான். உங்க இடத்துல குட்டிங்க செத்திருக்கு. பொறுக்க வேண்டாம். இன்னைக்கு ஒண்ணு, ஒன்பதாவது வாரம் ஒண்ணு, பன்னிரண்டுல ஒண்ணு, பதினாறுல ஒண்ணு. வெறிநோய்க்குத் தனியா ஒண்ணு, அது அப்புறம்."

"ஒரே நோய்க்கு நாலு ஊசியா?" என்றாள் குணவதி. "இந்த எலிக்குஞ்சு உடம்புக்கா?"

"தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி குட்டி உடம்புல இருக்கும்மா. அது இருக்கிற வரைக்கும் ஊசி பிடிக்காது. அது போன பிறகு ஊசி இல்லைன்னா நோய் பிடிச்சுக்கும்."

அதுவரை பேசாதிருந்த சாமி கேட்டார். "அது எந்த நாள் போகும்?"

"தெரியாது" என்றாள் டாக்டர், மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே.

"இந்தக் கறுப்புக் குட்டிக்கு?"

"தெரியாது சார். ஒவ்வொரு குட்டிக்கு ஒவ்வொரு நாள். அதனாலதான் திரும்பத் திரும்பப் போடறோம். ஏதாவது ஒண்ணு சரியா விழும்."

சாமி கறுப்புக் குட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"தெரியாதுன்னு சொல்ல உங்களுக்குக் கூச்சமா இல்லையா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். இது என்ன கேள்வி என்கிற பார்வை.

"தெரிஞ்ச மாதிரி இருந்து குட்டி செத்துப்போனா, அப்பத்தான் சார் கூசும். காலைப் பிடிங்க."

சாமி கறுப்புக் குட்டியின் காலைப் பிடித்தார். அது கத்தின கத்தலில் வெளியே நாய் குரைத்தது. குணவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாமியும் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்கு யாரும் பொருள் எழுதவும் இல்லை.

மூன்று வாரம் போனது. அரிசி அறையைக் கழுவிப் பூட்டியாயிற்று. இரண்டாவது ஊசியும் ஆயிற்று. குட்டிகள் சமையற்கட்டில் குணவதியின் காலைச் சுற்றிச் சுற்றி அவளை நடக்க விடாமல் செய்தன. திட்டிக்கொண்டே அவற்றுக்குத் தயிர்சாதம் பிசைந்து வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரிலிருந்து அர்த்தநாரி என்று ஒருவர் வந்தார். தறி ஓட்டுகிறவர். கூட்டத்தின் முன்னால் வந்து சாமியின் காலில் விழுந்தார்.

"சாமி, எங்கம்மாவுக்கு இதயத்துல ஆபரேஷன் பண்ணணும்கிறாங்க. எழுபத்திரண்டு வயசு. பண்ணலாமா, வேண்டாமா? நீங்க என்ன சொன்னாலும் சரி."

கூட்டம் அமைதியானது. சபேசன் நோட்டைத் திறந்தார்.

சாமி வேப்பமரத்தைப் பார்க்கவில்லை. அர்த்தநாரியைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றார்.

"ஆகா!" என்றார் சபேசன். கண்ணை மூடிக்கொண்டார். "நம்ம கையில ஒண்ணுமில்லைன்னு எவ்வளவு அழகா சொல்லிட்டாரு!"

நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அர்த்தநாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புரிஞ்சுது சாமி. வேண்டாம்கிறீங்க. அம்மாவை வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

சாமியின் முகம் வெளுத்துவிட்டது. 

சமையற்கட்டிலிருந்து குணவதி கரண்டியோடு வந்து நின்றாள்.

"இந்தாங்கய்யா, அதுக்கு உள்ளர்த்தம் ஒண்ணும் கிடையாது. அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

சபேசனின் பேனா அப்படியே நின்றது.

"சாமிக்கே தெரியாதா?" அர்த்தநாரியின் குரல் உடைந்தது. "அப்போ நான் யாரைப் போய்க் கேப்பேன்?"

சாமி எழுந்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார்.